கட்டிலோரத்து அவுரி

படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவின் யூரின் பேக்கைக் காலி செய்யக் குனிந்த மகள் திடுக்கிடுகிறார். பை முழுக்க ஊதா. நாவல்பழச் சாறு ஊற்றி வைத்ததுபோல் டியூபும் கறுத்திருக்கிறது. ரத்தமா? புது மாத்திரையா? நாம்தான் சரியாகக் கவனிக்கவில்லையோ? அம்மாவோ வழக்கம்போல் காப்பி கேட்கிறார்.

1978-இல் லான்செட் மருத்துவ இதழ் இந்த ஊதாப் பையைப் பற்றி ஒரு குறிப்பு வெளியிட்டது. அந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், வந்து சேரும் இடம் சாயத்தொட்டி.

நாம் உண்ணும் புரதத்தில் டிரிப்டோபான் என்றொரு பொருள் இருக்கிறது. குடல் பாக்டீரியாக்கள் அதை இண்டோலாக மாற்றுகின்றன; மலம் குடலில் தங்கத் தங்க இது கூடும். கல்லீரல் அதை இண்டாக்சில் ஆக்கி, ஒரு சல்பேட்டைக் கோத்துவிட, அது நிறமில்லாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. இது எல்லோருக்கும் தினமும் நடப்பதுதான்.

டியூப் போட்டவர்களிடம் ஒன்று கூடுதலாக நடக்கிறது. கிருமிகள் டியூபின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, பிசுபிசுப்பான ஒரு படலத்தைப் போர்த்திக்கொண்டு குடியேறுகின்றன. டியூபோடு கழியும் ஒவ்வொரு நாளும், நூற்றில் 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதமானால் தப்புபவர் அரிது. எவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டாலும் இதுதான் நிலை. அந்த மகள் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தக் கிருமிகளில் சில, புரோட்டியஸ், கிளெப்சியெல்லா போன்றவை, சல்பேட்டைக் கத்தரித்துவிடும். விடுபட்ட இண்டாக்சில் ஆக்சிஜனோடு சேர்ந்து நீல இண்டிகோவாகவும் சிவப்பு இண்டிரூபினாகவும் மாறுகிறது. இரண்டும் கலந்தால் ஊதா.

நீலச்சாயம் தரும் அவுரி இலையிலும் இருப்பது இதே இண்டாக்சில்தான். அங்கே அது சல்பேட்டுக்குப் பதில் சர்க்கரையைச் சுமந்திருக்கிறது. திண்டிவனம் பக்கத்தில் இலையைத் தொட்டியில் ஊறப்போடுவார்கள், சர்க்கரை கழன்றுவிடும். பிறகு ஆட்கள் தொட்டிக்குள் இறங்கித் தண்ணீரைக் காலால் உதைத்து உதைத்துக் காற்றேற்ற, பச்சைத் தண்ணீர் கண்ணெதிரே நீலமாகும். துணிக்கு ஏறும் அந்த நீலமும் பையில் படிந்த நீலமும் ஒரே மூலக்கூறு.

நிறம் ஆளைக் கெடுக்காது. சிறுநீரில் கிருமி இருப்பதும் உடம்பில் நோய்த்தொற்று இருப்பதும் ஒன்றல்ல. நிறத்தைப் பார்த்துப் பயந்து ஆன்டிபயாடிக் கொடுத்தால், படலத்துக்குள் பதுங்கிய கிருமியை அது எளிதில் எட்டாது. மருந்துக்கு மசியாதவைதான் மிஞ்சும். ஆனால் காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவிலோ அடிவயிற்றிலோ வலி, திடீரென்று தடுமாறும் பேச்சு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த செவிலியர் முதலில் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். சூடு இல்லை. தரையில் கிடந்த பையை எடுத்து, கட்டில் சட்டத்தில், இடுப்புக்குத் தாழ்வாக மாட்டுகிறார். டியூபை மாற்றப் புதியதை எடுத்துவைத்துக்கொண்டே மகளிடம் கேட்கிறார்:

“அம்மா வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சுக்கா?”