ஸ்பானிய உணவு மேசையும் கதிரவன் மணியும்

ஐரோப்பியப் பயணம் மேற்கொள்வோர் ஸ்பெயின் நாட்டுத் தலைநகரான மாட்ரிட்டில் அடிக்கடி ஓர் ஏமாற்றத்திற்கு ஆளாவதுண்டு. நாளெல்லாம் ஊர் சுற்றிக் களைத்த பயணி, சாம்பெரி போன்றதொரு வட்டாரத்தில், அக்கம்பக்கத்தார் விரும்பிச் செல்லும் உயர்தர உணவகம் ஒன்றைத் தேடிச் செல்கிறான். மணி ஏழு. கதவு சாத்தியிருக்கிறது. கண்ணாடி வழியே நோக்கினால் வெள்ளை விரிப்பிட்ட மேசைகள் தெரிகின்றன. உண்போர் ஒருவரும் இலர். ஒரு மூலையில் பணியாளர்கள் மட்டும் தங்கள் உணவை உண்டுகொண்டிருக்கின்றனர். "எட்டரைக்கு மேல் வாருங்கள்" என்பதே விடை. அப்போது சென்றாலும் பாதி மேசைகள் வெறுமையாகவே இருக்கும். ஒன்பதரை மணிக்குப் பிறகுதான் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வந்து நிறைகின்றன.

பசித்த பயணி உடனே ஒரு தீர்ப்பு வழங்கிவிடுகிறான்: "இவர்கள் பகலில் உறங்கி இரவில் விழிப்பவர்கள், சோம்பேறிகள்!" இத்தீர்ப்பு பொருந்துமா என்பதை ஆராய்தல் வேண்டும்.

கடிகாரம் காட்டும் மணி

கடிகாரம் காட்டும் மணி ஒன்று. கதிரவன் காட்டும் மணி மற்றொன்று. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. மாட்ரிட் நகரம் கிரீனிச்சுக்கு மேற்கே ஏறத்தாழ 3.7 பாகையில் உள்ளது. ஆதலின் இங்கிலாந்தின் நேரமே அதற்கு இயல்பாகப் பொருந்தும். 1940 வரை அந்நேரமே அங்கு வழங்கியது. அவ்வாண்டு மார்ச் 16ஆம் நாள் இரவு, பிராங்கோ ஆட்சியின் ஆணைப்படி, கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. ஜெர்மனி முதலிய நடு ஐரோப்பிய நாடுகளின் நேரம் ஸ்பெயினுக்கும் உரியதாயிற்று. தள்ளிய முள் பிறகு பழைய இடத்திற்குத் திரும்பவே இல்லை.

இதன் விளைவு யாது? மாட்ரிட்டில் கதிரவன் உச்சிக்கு வரும்போது, குளிர்காலத்தில் கடிகாரம் ஏறத்தாழ ஒன்றேகால் காட்டும். கோடையில் மேலும் ஒரு மணி கூட்டப்படுவதால் இரண்டேகால் காட்டும். இரண்டரை மணிக்கு நண்பகல் உணவு கொள்ளும் ஸ்பானியர், கதிரவன் கணக்கில் உச்சிப்பொழுதை ஒட்டியே உண்கின்றனர். கோடையில் ஒன்பதரை மணி இரவுணவு, கதிரவன் கணக்கில் ஏழேகால் மணி உணவே. ஜூன் திங்களில் அங்குக் கதிரவன் மறைவதே ஒன்பதே முக்கால் அளவில்தான்!

'சியெஸ்டா' என்னும் சொல்லும் இவ்வுண்மைக்குச் சான்று. அது 'ஆறாம் மணி' என்று பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து பிறந்தது. விடியலிலிருந்து எண்ணி வரும் ஆறாம் மணியே உச்சிப்பொழுது. ஆகவே ஓய்வைக் குறிக்கும் சொல்லே கதிரவனைக் கொண்டு காலம் கணித்த சொல்லாகும்.

மலேசியருக்கு இது புதுமையன்று. 1982 ஜனவரி முதல் நாள், சபா, சரவாக் மாநிலங்களோடு ஒத்திருக்கும் பொருட்டுத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டன. சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. இன்று கோலாலம்பூரில் கதிரவன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறத்தாழ ஒன்றேகாலையே காட்டுகிறது. குளிர்கால மாட்ரிட்டும் கோலாலம்பூரும் இவ்வகையில் உடன்பிறப்புகள் எனலாம். இருள் பிரியுமுன் பள்ளிக்குப் புறப்படும் சிறுவர்களைக் கண்டவர் இதனை நன்கு அறிவர்.

உழைப்பின் சுவடு

அவ்வாறாயின் கோலாலம்பூர் மக்களும் இரவு பத்து மணிக்கன்றோ உண்ண வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கடிகாரம் மட்டுமே காரணமன்று.

1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போர் ஸ்பெயினை வறுமையில் ஆழ்த்தியது. பின்வந்த ஆண்டுகளில் ஒரு சம்பளம் குடும்பத்திற்குப் போதவில்லை. ஆதலின் நகர மக்களுள் பலர் காலையில் ஓர் அலுவலும் மாலையில் மற்றோர் அலுவலும் பார்த்தனர். இரண்டிற்கும் இடையே நீண்ட நண்பகல் இடைவேளை அமைந்தது. இரண்டாம் வேலை முடிந்து வீடு சேர இரவாயிற்று. உணவும் பின்தங்கியது. இவ்வாறு, சோம்பலின் அடையாளமாகப் பயணி கண்ட நேரந்தாழ்ந்த உணவில், இரட்டை உழைப்பின் சுவடும் உண்டு. இம்முறையால் உறக்கம் குறைகிறது என்று ஸ்பானியரே கவலை கொண்டனர். பழைய நேரத்திற்குத் திரும்புதல் நலம் என 2013இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது, மாற்றம் நிகழவில்லை.

மேசையில் அறிய வேண்டுவன

முறை தெரிந்து செல்பவனுக்கு ஸ்பானிய உணவகம் இனிய இடமாகும். நல்ல உணவகத்தில் முன்பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். மாலைப் பசிக்கு 'மெரியெண்டா' எனும் சிற்றுணவு உண்டு. தொடக்கத் தட்டுகளை நடுவில் வைத்துப் பலரும் பகிர்ந்துண்பர். சீனர் விருந்து மேசையை அறிந்தவர்க்கு இது பழகிய காட்சியே. செலவில் கருத்துள்ளோர் வேலை நாட்களின் நண்பகலில் 'மெனு டெல் தியா' எனும் அன்றைய உணவைக் கேட்கலாம். இரு வகை உணவும் ரொட்டியும் பானமும் பழமோ இனிப்போ ஒரே விலையில் கிடைக்கும். மரக்கறி உண்போர் மட்டும் விழிப்பாயிருத்தல் வேண்டும். கீரையிலும் பயற்றிலுங்கூடப் பன்றியிறைச்சித் துண்டு கலந்திருக்கக்கூடும்; கேட்டறிந்து உண்பதே நன்று.

உண்டு முடித்த பின்னரும் பில் வராது. பயணி இதனையும் அலட்சியம் என எண்ணிச் சினப்பதுண்டு. உண்மையில் அது மரியாதை. கேளாமலே பில்லைக் கொணர்ந்து வைப்பது, "எழுந்து செல்க" எனச் சொல்வதை ஒக்கும் என்பது அவர்கள் கருத்து. உணவுக்குப் பின் மேசையிலேயே அமர்ந்து உரையாடும் வழக்கத்தை அவர்கள் 'சோப்ரமேசா' என்பர். 'சோப்ரே' என்றால் மேல். 'மேசா' என்றால் மேசை. போர்த்துகீசிய மொழியின் 'மேசா'வே தமிழில் 'மேசை' ஆயிற்று. ஸ்பானியச் சொல்லும் போர்த்துகீசியச் சொல்லும் ஒரே இலத்தீன் தாயின் பிள்ளைகள். ஆகவே, அந்நிய மேசை என எண்ணி அமர்பவன், பெயரளவிலேனும் தன் வீட்டு மேசையிலேயே அமர்கிறான்!

பழியின் வரலாறு

சோம்பேறி எனும் பழி எளிதில் கைமாறும் இயல்புடையது. பிலிப்பைன்ஸ் ஸ்பானிய ஆட்சியின்கீழ் இருந்தபோது அந்நாட்டு மக்களைச் சோம்பேறிகள் என்று ஸ்பானியர் இகழ்ந்தனர். ஹோசே ரிசால் 1890இல், மாட்ரிட்டிலிருந்து வெளிவந்த 'லா சோலிடாரிடாட்' இதழில் இதற்கு விடை எழுதினார். வெப்பநாட்டின் இயல்பையும் ஆட்சியின் கேடுகளையும் ஆராயாமல் மக்களைப் பழிப்பது தகாது என்பது அவர் வாதம். மலாய்க்காரர், சாவகர், பிலிப்பினோக்கள் மீது குடியேற்ற ஆட்சியினர் சுமத்திய இதே பழியைச் சையது உசேன் அலத்தாஸ் 1977இல் தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். அன்று பிறரைப் பழித்த ஸ்பானியரே, இன்று வடபுலத்துப் பயணிகளின் வாயில் அப்பழியைச் சுமக்கின்றனர்.

வகுப்பிற்குத் தாமதமாக வரும் மாணவனைச் சோம்பேறி என்று சொல்வதற்குமுன், அவன் வீட்டில் விளக்கு எப்போது அணைகிறது என்று கேட்பவரே நல்லாசிரியர். சாத்திய உணவகக் கதவின் முன் நிற்கும் பயணிக்கும் அதே நெறி பொருந்தும். இரண்டு மணி நேரம் காத்திருந்தால் கதவும் திறக்கும், காரணமும் விளங்கும்.