மறதி என்று புலம்புகிறவருக்கு உண்மையில் மறப்பது எது?

மனச்சோர்வில் இருப்பவர்கள் மருத்துவரிடம் முதலில் சொல்வது சில நேரம் துக்கத்தைப் பற்றி அல்ல, மறதியைப் பற்றி. பேப்பர் படித்தால் ஒரு வரி மனதில் நிற்பதில்லை, அடுப்பில் பால் வைத்தது நினைவில்லை. வயதானவராக இருந்தால் வீட்டிலுள்ளவர்களுக்கும் டிமென்ஷியா பயம் தொற்றிக்கொள்ளும்.

1975-ல் அமெரிக்காவில் ராபர்ட் கான் குழுவினர் முதியவர்களின் மறதிப் புகாரையும், சோதனையில் அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதையும் தனித்தனியே அளந்தார்கள். புகார் ஒட்டிப்போனது சோதனை மதிப்பெண்ணோடு அல்ல, மனச்சோர்வோடு. 1979-ல் சார்லஸ் வெல்ஸ் இன்னொன்றைக் கவனித்தார். சோர்வுற்றவர் எப்போது எதை மறந்தேன் என்று விலாவாரியாகச் சொல்வார் (அத்தனை மறதியும் நினைவிருக்கிறது!), கேள்வி கேட்டாலோ, முயன்று பார்க்காமலே “தெரியலை டாக்டர்” என்பார். டிமென்ஷியா உள்ளவர் பெரும்பாலும் “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்பார், கேள்விக்குத் தப்பான பதிலையும் துணிந்து சொல்வார். இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. முதுமையில் வரும் மனச்சோர்வு சிலருக்கு டிமென்ஷியாவின் முன்னறிகுறியாகவும் இருக்கும்.

அதற்காகப் புகார் முழுக்கக் கற்பனையும் அல்ல. சோர்வு உள்ளவர்கள் நினைவுச் சோதனைகளில் சற்றுப் பின்தங்கத்தான் செய்கிறார்கள். ஏன் என்பதற்கு 1991-ல் பாலா ஹெர்ட்டல், ஸ்டெஃபனி ரூட் செய்த பரிசோதனை நல்ல விளக்கம் தருகிறது. வாக்கியத்தில் ஒரு சொல் பொருந்துகிறதா என்று மட்டும் கேட்டபோது, சோர்வுற்றவர்களுக்கு அந்தச் சொற்கள் பிறகு குறைவாகவே நினைவுக்கு வந்தன. முடிவில் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லவும் வேண்டும் என்று கவனத்தைக் கட்டிப்போட்டதும் அந்தக் குறை மறைந்துவிட்டது. நினைவில் பதிக்கும் திறன் கெடவில்லை. மனம் தானாக முனைந்து எதையும் பற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, யாரும் புகார் செய்யாத ஒரு மறதி. 1986-ல் மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பென்ட்டும், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ‘மகிழ்ச்சி’ போன்ற ஒரு சொல்லைக் கொடுத்து, அது நினைவூட்டும் ஒரே ஒரு சம்பவத்தைக் கேட்டார்கள். மற்றவர்கள் “போன ஞாயிறு தங்கை வீட்டு விருந்து” என்கிற மாதிரி சொல்லும் இடத்தில், இவர்கள் “நண்பர்களோடு இருக்கும்போது” என்று பொத்தாம்பொதுவாக நின்றுவிட்டார்கள். மனச்சோர்விலும் இதே போக்கு பிறகு திரும்பத் திரும்பக் காணப்பட்டது. போன முறை சிக்கலை எப்படிச் சமாளித்தோம் என்ற விவரமே கைக்கு வராவிட்டால், இந்த முறையும் வழி தெரியாது.

பெல்ஜியத்தில் ஃபிலிப் ரேஸ் குழுவினர் 2009-ல் இதற்கொரு பயிற்சியைச் சோதித்தார்கள்: எங்கே, எப்போது, யாரோடு என்று ஒரு சம்பவத்தைத் துல்லியமாக நினைவுகூரப் பழகுவது, வீட்டுப்பாடம் உட்பட. நினைவின் துல்லியம் கூடியது. சோர்வு அதனாலேயே நிலையாகக் குறையும் என்று சொல்ல ஆதாரம் போதாது. இப்போதைக்கு அது சிகிச்சைக்குத் துணை, மாற்று அல்ல.