பெருங்குடல் புற்றுநோயில் மருந்துக் கடத்திப் புரதங்கள்: செங்காந்தள் நஞ்சு முதல் இரினோடீகன் வரை

முன்னுரை

குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் முதலாவதாக இடம்பெறும் செங்காந்தள், இன்று கொங்குப் பகுதியின் மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. அவ்விதையிலிருந்து பெறப்படும் கோல்சிசின் கொடிய நஞ்சு. உரிய அளவில் மருந்தும் ஆகும். கோல்சிசினுக்கு மசியாத ஹாம்ஸ்டர் உயிரணுக்களைக் கனடாவின் டொராண்டோ நகரில் ஆராய்ந்த ஜூலியானோ, லிங் ஆகியோர், அவற்றின் சவ்வில் ஒரு புரதம் மிகுந்திருப்பதை 1976இல் கண்டறிந்தனர். பி-கிளைக்கோபுரதம் எனப் பெயர்பெற்ற அப்புரதமே மருந்து எதிர்ப்பு ஆய்வுகளுக்குத் தொடக்கமாக அமைந்தது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் இத்தகைய புரதங்களின் பங்கையும், அவற்றைத் தடுக்கும் முயற்சிகளில் எழும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வெளியேற்றும் முறை

பி-கிளைக்கோபுரதம் உயிரணுச் சவ்வைப் பன்னிரண்டு முறை ஊடுருவி நிற்கும் நீண்ட புரதச் சங்கிலியாகும். சவ்வுக்குள் நுழையும் மருந்து மூலக்கூற்றைப் பற்றி, ஏடிபி சிதைவில் கிடைக்கும் ஆற்றலால் அதனை வெளியே தள்ளுகிறது. ஒரே மருந்துக்கென அமைந்த பூட்டன்று இது. வடிவில் தொடர்பற்ற பல சேர்மங்களையும் ஏற்கிறது. ஆகவே ஒரு மருந்தால் உருவான எதிர்ப்பு, நோயாளி அதுவரை உட்கொள்ளாத வேறொரு மருந்துக்கும் எதிர்ப்பாக மாறுகிறது. குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளைக் குருதிக்குழாய்கள் ஆகியவற்றில் இது இயல்பாகவே உள்ளது. உணவோடு வரும் தாவர நஞ்சுகளிலிருந்து உடலைக் காப்பது இதன் பணிகளுள் ஒன்று எனலாம்.

இரினோடீகனும் ஏபிசிஜி2 புரதமும்

காரமடைக்கு வடமேற்கே எழும் நீலகிரியை உள்ளடக்கிய மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நோதபோடைட்டஸ் நிம்மோனியானா என்னும் சிறுமரம் வளர்கிறது. வால், வாணி ஆகியோர் 1966இல் சீன மரமொன்றிலிருந்து பிரித்தறிந்த கேம்ப்டோதெசின், இம்மரத்திலும் உண்டென்பதை 1972இல் பம்பாய் சிபா ஆய்வு மையத்தில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் வெளிப்படுத்தினர். அதன் விளைவாக மரம் பெருமளவில் வெட்டப்பட்டது தனி வரலாறு. கேம்ப்டோதெசினின் வழித்தோன்றலான இரினோடீகன், 1996இல் அமெரிக்காவில் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது.

இரினோடீகன் உடலில் எஸ்என்-38 ஆக மாறிய பின்னரே முழு வீரியம் பெறுகிறது. அந்த எஸ்என்-38ஐ வெளியேற்றுவதில் முதன்மையானது ஏபிசிஜி2 என்னும் கடத்தி. இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. சிகிச்சைக்கு முந்தைய குடற்கட்டிகளில் ஏபிசிஜி2, அருகிலுள்ள இயல்பான சவ்வைவிடக் குறைந்திருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் இரினோடீகன் பெற்ற நோயாளிகளின் கல்லீரல் பரவல்களில், அம்மருந்து பெறாதோரின் பரவல்களைவிட ஏபிசிஜி2 மரபணுவின் வெளிப்பாடு மிகுந்திருந்தது 2004இல் பதிவாகியுள்ளது. எனவே தொடக்கத்தில் எடுத்த திசு மாதிரியை மட்டும் கொண்டு பிற்காலத்து எதிர்ப்பைக் கணிப்பது பொருந்தாது.

பிற மருந்துகளின் பாதை வேறு. 5-ஃபுளூரோயுராசில் பி-கிளைக்கோபுரதத்தின் சரக்கன்று. அதன் நியூக்ளியோட்டைடு வடிவங்களை ஏபிசிசி5, ஏபிசிசி11 ஆகியவை வெளியேற்றுகின்றன. ஆக்சாலிபிளாட்டின் உயிரணுவுக்குள் நுழைவதற்கே கரிம நேரயனிக் கடத்திகள் உதவுகின்றன. அங்கு கடத்தி குறைவதே எதிர்ப்பாகிறது.

தடுப்பான்களின் சிக்கல்

கடத்தியை அடைத்தால் மருந்து உள்ளே தங்கும் என்பது எளிய எண்ணம். 1981இல் வெரபாமில் ஆய்வுக்கூடத்தில் இதனை மெய்ப்பித்தது. நோயாளிகளிடம் அதற்குத் தேவையான அளவு இதயத்தைப் பாதித்தது. பின்வந்த வால்ஸ்போடார், உடன் தரப்பட்ட மருந்துகளின் வெளியேற்றத்தையும் மந்தப்படுத்தியதால் அவற்றின் அளவைக் குறைக்க நேர்ந்தது. கட்டியைக் காக்கும் அதே புரதம் குடலையும் கல்லீரலையும் காக்கிறது என்பதே இத்தோல்விகளின் அடிப்படை.

மூலிகைச் சேர்மங்களை ஆராய்வோர்க்கும் இது பொருந்தும். ஈரோட்டு மஞ்சளுக்குப் பெருமை சேர்க்கும் குர்குமின், வளர்ப்பு உயிரணுக்களில் பி-கிளைக்கோபுரதத்தையும் ஏபிசிஜி2ஐயும் தடுக்கிறது. வாய்வழி உட்கொண்டால் குடற்சுவரிலும் கல்லீரலிலும் விரைவாக மாற்றமடைவதால் குருதியில் சிறிதளவே சேர்கிறது. பெருங்குடல் சவ்வு ஓரளவு விதிவிலக்கு. கல்லீரலுக்குப் பரவிய கட்டிக்கு அவ்வாய்ப்பு இல்லை. காரமடையிலிருந்து கோவைக்குச் சென்று இரினோடீகன் பெறும் நோயாளி, மருத்துவருக்குத் தெரிவிக்காமல் மஞ்சள் சாற்று மாத்திரையை உட்கொள்வதை ஆய்வுக்கூட முடிவுகள் நியாயப்படுத்தமாட்டா. அம்மருந்தின் கடும் வயிற்றுப்போக்கு, குடலில் எஸ்என்-38 எந்த அளவு சேர்கிறது என்பதோடு தொடர்புடையது.

மூலிகைச் சாற்றை 5-ஃபுளூரோயுராசிலோடு சேர்த்து உயிரணு இறப்பைக் கணக்கிட்டு, அதனைப் பி-கிளைக்கோபுரதத் தடுப்பாக விளக்கும் ஆய்வேடு ஏற்கத்தக்கதன்று. ஏபிசிஜி2 மிகுந்த உயிரணுக்களிலும் அது நீக்கப்பட்ட உயிரணுக்களிலும் எஸ்என்-38 தங்கும் அளவை ஒப்பிடுதல் வேண்டும். குடற்சுவருக்கு மாதிரியாகப் பயன்படும் கேகோ-2 உயிரணு அடுக்கிலும் அதே செறிவைச் சோதித்தல் வேண்டும். கேகோ-2 உயிரணுக்கள் பெருங்குடல் புற்றுக்கட்டி ஒன்றிலிருந்தே பெறப்பட்டவை.