பலகையை வெட்டு முன் திரையில் வரைந்து பாருங்கள்

கடைக்கு இறாக்கை அடிப்பதென்றால் நாம் என்ன செய்கிறோம்? தச்சு பாஸைக் கூப்பிட்டு, "இங்கிருந்து அங்கு வரை" என்று கையால் காட்டுகிறோம். காசு மேசையில் இருப்பவருக்கு வாசல் தெரியாது என்பது வேலை முடிந்த பிறகுதான் விளங்கும். 8க்கு 4 அடி பிளைவுட் பலகைகள் அதற்குள் துண்டாகிவிடும்.

இதை முதலில் கொம்பியூட்டரில் வரைந்து பார்க்கலாம். 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்கெட்ச்அப்' இதற்குப் பேர் போனது. தரையில் ஒரு கட்டம் வரைந்து மேலே இழுத்தால் அதுவே அலுமாரியாக எழும்பும். கண் மட்டத்தில் கடைக்குள் நடந்தும் பார்க்கலாம். ஆனால் அதன் இலவசப் பதிப்பு சொந்தப் பாவனைக்கு மட்டுமே. தொழிலுக்கென்றால் சந்தா கட்டவேண்டும். 'ஸ்வீட் ஹோம் த்ரீடி' இலவசமாகவே கிடைக்கிறது, தொழிலுக்கும் தடையில்லை. பிறகு எதற்குக் களவுப் பிரதி?

அளவு பிழைத்தால் எந்த மென்பொருளும் உதவாது. பழைய கட்டிடங்களில் மூலைகள் நேராக இருப்பது அரிது. நான்கு சுவரையும் அளந்தால் போதாது, மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்கவேண்டும். எதிர்ச் சுவர்கள் சமமாக இருந்தும் இரண்டு குறுக்களவும் வித்தியாசப்பட்டால் அறை கோணல். தூண், சுவிட்ச், ஷட்டர் பெட்டி, கதவு திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளக அலங்காரத்தைத் தொழிலாகச் செய்ய நினைக்கும் நம் பிள்ளைகள் கலர் படத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு துண்டின் நீள அகலத்தையும் எழுதி பாஸின் கையில் கொடுக்கவேண்டும். கடைக்காரருக்குப் பலகை மிச்சமாவது அதில்தான். இரண்டு திருத்தத்துக்கு மேல் தனிக் கூலி என்பதையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், மச்சானின் கடையாக இருந்தாலும்.