அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பும் மகளிர் கால்பந்தும்

'கான்பரன்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிகள் 'மாநாடு' எனப் பொருள் கூறும். அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுலகில் அச்சொல்லின் பொருள் வேறு. பல்கலைக்கழகங்கள் சில தம்முள் உடன்பாடு கொண்டு, ஆண்டுதோறும் தமக்குள் மோதிக்கொள்ளுதற்கென அமைத்துக்கொண்ட கூட்டு அது. ஆதலின் 'கூட்டமைப்பு' என்றே அதனை இங்கு வழங்குவோம். 1953இல் தோன்றிய அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பு அவற்றுள் புகழ்மிக்க ஒன்று. அது 1988 முதல் நடத்திவரும் மகளிர் கால்பந்துக் கோப்பைப் போட்டியின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

வரலாற்றின் வேர் மைதானத்தில் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் கல்வித் திருத்தச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதன் ஒன்பதாம் பிரிவு, நடுவணரசின் பொருளுதவி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பால் வேறுபாடு காரணமாக எவரும் விலக்கப்படலாகாது என்று விதித்தது. எடித் கிரீன், பாட்சி மிங்க் ஆகிய பெண் உறுப்பினர்களும் பர்ச் பை என்னும் செனட்டரும் அதற்காக உழைத்தோருள் முதன்மையானவர்கள். முப்பத்தேழு ஆங்கிலச் சொற்களால் ஆகிய அவ்வொரு வாக்கியத்தில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. எனினும் அது மிகுதியாக மாற்றியமைத்த துறைகளுள் ஒன்று விளையாட்டே.

இதன் காரணத்தைச் சற்று விரித்துரைத்தல் தகும். அமெரிக்கர் 'புட்பால்' என்பது நாமறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டாட்டம். அவ்வாட்டத்தில் முதல்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று நெடுங்காலம் 85 ஆடவர்வரை உதவித்தொகை வழங்கிவந்தது. அதற்கு ஈடாக மகளிர்க்கும் இடம் தர வேண்டுமெனில், ஒரே அணியில் பலருக்கு இடமளிக்கும் ஆட்டம் ஒன்று தேவைப்பட்டது. நம் கால்பந்து அதற்குப் பொருந்தியது. அந்நாட்டில் அது ஆடவரின் தனிக்கோட்டையாக இறுகிப் போகாதிருந்தமையும் பெண்களுக்கு வாய்ப்பாயிற்று. ஐரோப்பாவிலும் தென்னமெரிக்காவிலும் பெண்கள் தட்டிப் பார்த்த கதவு, இங்குப் பூட்டப்படாமலே இருந்தது எனலாம்.

ஆயினும் வழி நேராக இல்லை. 1984இல் உச்ச நீதிமன்றம், பொருளுதவி நேரடியாகப் பெறும் துறைக்கு மட்டுமே அப்பிரிவு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. விளையாட்டுத் துறைகள் அதனால் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவின. நான்காண்டுகள் கழித்து, 1988 மார்ச்சில், குடியரசுத் தலைவர் ரீகனின் மறுப்பையும் மீறி நாடாளுமன்றம் அக்குறையை நீக்கிற்று. கூட்டமைப்பின் முதல் மகளிர் கோப்பைப் போட்டி அதே ஆண்டில்தான் நடந்தது. ஒன்றன் விளைவு மற்றொன்று என்று நாம் வாதிடவில்லை. இரண்டும் ஒரே காற்றில் அசைந்த கிளைகள் என்றே கருதுகிறோம்.

போட்டியின் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். பருவம் முழுதும் நிகழும் ஆட்டங்களின் புள்ளிகளால் ஒரு முதலிடம் முடிவாகும். பருவ இறுதியில் முன்வரிசை அணிகள், தோற்றால் வெளியேறும் முறையில் மோதிக் கோப்பைக்குரியவரை முடிவு செய்யும். கோப்பையை வென்ற அணிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் உண்டு. நேரம் முடிந்தும் சமநிலை நீடித்தால் கூடுதல் நேரம் ஆடுவர். அதன்பின் பெனால்டி உதைகள். ஆனால் பெனால்டியில் தோற்ற அணியின் கணக்கில் அவ்வாட்டம் தோல்வியாக எழுதப்படுவதில்லை. சமநிலை என்றே எழுதப்படும்.

இந்நுணுக்கம் 1988லேயே ஒரு விந்தையை விளைவித்தது. வட கரோலினா மாநிலத்தில் சாப்பல்ஹில் நகரின் வட கரோலினாப் பல்கலைக்கழகமும், ராலே நகரின் மாநிலப் பல்கலைக்கழகமும் சில மணித்துளிப் பயணத் தொலைவிலுள்ள அண்டை வீட்டார். அண்டை வீட்டுப் பகை எத்தகையது என நாம் சொல்லத் தேவையில்லை. முதற்கோப்பையின் இறுதியாட்டத்தில் இவ்விரண்டும் மோதின. ஆட்டம் சமநிலையில் முடிய, பெனால்டியில் ராலே அணி வென்றது. கோப்பையை இழந்த சாப்பல்ஹில் அணியோ தோல்வியறியாத அணியாகவே நீடித்தது! அதே ஆண்டின் தேசிய இறுதியாட்டத்தில் மீண்டும் ராலேயைச் சந்தித்து 4–1 எனப் பழிதீர்த்தது. 1986இல் தொடங்கிய அதன் தோல்வியின்மை, 103 ஆட்டங்களைக் கடந்து, 1990 செப்டம்பரில் கனெக்டிகட் அணியிடந்தான் முடிவுற்றது.

1989 முதல் 2003 வரை பதினைந்து ஆண்டுகளும் கோப்பை சாப்பல்ஹில்லைவிட்டு நகரவில்லை. 2004இல் வர்ஜீனியா பறித்தது. 2005 முதல் 2009 வரை மீண்டும் சாப்பல்ஹில். இருபத்தோர் ஆண்டுகளில் இருபது கோப்பைகள். மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி போன்றோர் இவ்வணியில் பயின்றவர்கள். நாட்டுக்காக 354 ஆட்டங்கள் ஆடிய லில்லியின் சாதனை ஆடவராலும் எட்டப்படாதது. 1979 முதல் இவ்வணியைப் பயிற்றுவித்த ஆன்சன் டோரன்ஸே 1991இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணிக்கும் பயிற்றுநர். பயிற்சியின் ஒவ்வொரு சிறு மோதலிலும் வென்றவர் யார், தோற்றவர் யார் எனக் குறித்துத் தரவரிசையிட்டு அறிவிப்பது அவர் முறை. பெண்கள் தம் தோழியரோடு கடுமையாகப் போட்டியிடத் தயங்கும்படி வளர்க்கப்படுகின்றனர், அத்தயக்கத்தை உடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

புகழை எழுதும் கை மறுபக்கத்தையும் எழுதுதல் வேண்டும். முன்னாள் ஆட்டக்காரர் இருவர் 1998இல், மாணவியரின் அந்தரங்க வாழ்வு குறித்து அவர் தகாத முறையில் பேசினார் என வழக்குத் தொடுத்தனர். தவறான நோக்கம் இல்லையென அவர் மறுத்தார். 2008இல் அவ்வழக்கின் இறுதிப்பகுதியும் பல்கலைக்கழகம் பொருள் வழங்க, சமரசத்தில் முடிந்தது. இதனையொட்டி இன்னொன்றும் எண்ணத்தக்கது. 1972இல் அமெரிக்கக் கல்லூரி மகளிர் அணிகளுள் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே பயிற்றுநராக இருந்தனர். அணிகள் பெருகி ஊதியமும் உயர்ந்தபின் அவ்விடங்களில் பாதிக்கு மேல் ஆடவர் கைக்குச் சென்றன. ஆடும் உரிமையைத் தந்த சட்டத்தால் ஆட்டுவிக்கும் இடத்தைக் காக்க இயலவில்லை. இக்கோப்பையின் வரலாற்றில் தலைசிறந்த பயிற்றுநர் எனப்படும் இருவருமே ஆடவர்தாம்.

அவ்விருவருள் மற்றவர் மார்க் கிரிகோரியன். 1995இல்தான் மகளிர் கால்பந்தைத் தொடங்கிய புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அவர் 2005இல் பொறுப்பேற்றார். ஐஸ்லாந்து, வெனிசுவேலா எனப் பிற நாட்டு மங்கையரையும் தேடி அழைத்து, பந்தை விரைந்து உதைத்து ஓடுவதைவிடத் தம்மிடமே வைத்துக் கைமாற்றி ஆடும் பாணியை வளர்த்தார். 2010இல் வேக் பாரஸ்ட் வென்றது. 2011இல் புளோரிடாவின் முதற்கோப்பை. 2013 முதல் 2016 வரை நான்கு, 2018இல் ஒன்று, 2020 முதல் 2023 வரை நான்கு என அடுக்கடுக்காக வந்தன. 2022இல் கிரிகோரியன் விலகிய பின்னரும் அணி தளரவில்லை. சாப்பல்ஹில்லுக்கு இடையில் கிட்டியவை 2017, 2019 ஆகிய ஆண்டுகளின் கோப்பைகளே. ஒரே அணி வெல்வதால் பிறர் உற்சாகமிழப்பர் என்பார் உண்டு. இவ்வரலாறு அதனை மெய்ப்பிக்கவில்லை. எட்ட முடியாத உயரம் அருகில் இருந்ததாலேயே ஏனையோர் உயர்ந்தனர் என்பது நம் துணிபு.

2024 ஆகஸ்டில், பருவம் தொடங்கும் தறுவாயில், டோரன்ஸ் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் கூட்டமைப்பில் இணைந்தன. பசிபிக் கரையிலிருக்கும் பல்கலைக்கழகங்கள் அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பில்! தொலைக்காட்சி வருவாயை நோக்கிய ஏற்பாட்டில் நிலவியலுக்கு இடமில்லை போலும். நாடு முழுதும் பறந்து சென்று ஆடும் மாணவியர் தேர்வுக்கு எப்போது படிப்பர் என்னும் ஆசிரியக் கவலை நமக்கு எழாமலில்லை. அவ்வாண்டின் தேசிய அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளும், அதாவது வட கரோலினா, டியூக், வேக் பாரஸ்ட், ஸ்டான்போர்டு, இக்கூட்டமைப்பினவே. டிசம்பரில் கேரி நகரில் நடந்த இறுதியாட்டத்தில் வட கரோலினா அணி, டோரன்ஸின் துணையாளராயிருந்த டேமன் நாகாஸின் பொறுப்பில், வேக் பாரஸ்டை 1–0 என வென்றது.