புறாவும் துலாக்கோலும்



சங்கப் பாடல்களில் புறா இரண்டு கோலங்களில் வருகின்றது. பருந்துக்கு அஞ்சி ஓடிவந்த புறாவுக்காகத் துலாக்கோலின் தட்டிலே தானே ஏறி நின்ற சோழர் முன்னோன் ஒருவனைப் புறநானூற்றுப் புலவர்கள் பலமுறை நினைவுகூர்கின்றனர். இது அடைக்கலப் புறா. நக்கீரரின் நெடுநல்வாடை காட்டுவதோ வேறொரு புறா. வாடைக் குளிரில், மாடங்கள் ஓங்கிய பழைய நகரிலே, வீட்டில் வாழும் செங்காற் சேவலும் அதன் பெடையும் மன்றத்துக்குச் சென்று இரை பொறுக்க மறந்து, இரவெது பகலெது என அறியாமல், பலகை மீதிருந்து கால் மாற்றி நிற்கின்றன. இது நகரத்துப் புறா. மனிதரின் மாடத்தில் உறங்கி, மனிதர் சிந்தியதைத் தின்று வாழும் பறவை. அந்தப் புறா இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் இன்று உலக மாநகரங்களில் வழக்காளியாகவும் எதிரியாகவும் நிற்கின்றது. அது தொல்லையா, தீங்கற்றதா என்பதே இன்று நாம் நோக்கவிருக்கும் விடயம்.

முதலில் அதன் பூர்வீகத்தைக் கேட்போம். நகரப் புறாவின் மூதாதை மாடப்புறா. மத்தியதரைக் கடலோரங்களிலும் மேற்காசியாவிலும் செங்குத்தான பாறை விளிம்புகளில் கூடு கட்டிய பறவை அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் மனிதன் அதை இறைச்சிக்காகவும் தூதுக்காகவும் வளர்த்தான். வளர்ப்பிலிருந்து தப்பியவையே நகரங்களில் குடியேறின. அவற்றின் கண்ணுக்குத் தேவாலயக் கோபுரமும் தொடர்மாடியின் யன்னல் விளிம்பும் பாறைகளே. ஆகவே, காட்டிலிருந்து நகரத்துக்குள் அத்துமீறி நுழைந்த பறவை என அதனைக் கூறுவது பொருந்தாது. நாமே கூட்டி வந்தோம், பின்னர் கைவிட்டோம். இரண்டாம் உலகப் போரில் செய்தி சுமந்தமைக்காகப் பிரித்தானியாவிலே 32 புறாக்களுக்கு டிக்கின் பதக்கம் அணிவித்தார்கள். அதே இனத்தைத்தான் இன்று 'சிறகு முளைத்த எலி' என ஏசுகின்றார்கள்.

இனி, அதன் மீதான குற்றச்சாட்டுகள். ஒரு புறா ஓராண்டில் சுமார் 10 முதல் 12 கிலோ எச்சம் இடுகின்றது. அந்த எச்சத்தில் வளரும் பூஞ்சணங்கள் சுரக்கும் அமிலம் சுண்ணக்கல்லை அரிக்கும். பழைய சிற்பங்களும் கட்டடங்களும் இதனாற் பழுதடைகின்றன. இது மறுக்க முடியாத சேதம்.

நோய் பற்றிய அச்சம் சற்றுச் சிக்கலானது. சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டானியல் ஹாக்-வாக்கர்நாகல், நகரப் புறாக்களில் மனிதருக்கு நோய் தரவல்ல 60 வகைக் கிருமிகள் காணப்பட்டதையும், அவற்றுள் 7 மாத்திரமே மனிதரைத் தொற்றியதாகப் பதிவாகியிருப்பதையும் தொகுத்துக் காட்டினார். 1941 முதல் 2003 வரை மருத்துவ ஏடுகளில் அவர் கண்ட நோயாளர் 176 பேர். இறந்தோர் 13 பேர். ஏறக்குறைய அனைவருக்கும் காய்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசித்தமையாலேயே நோய் வந்தது. சதுக்கத்தைக் கடந்து செல்லும் வழிப்போக்கன் அஞ்சவேண்டிய எண் அன்று இது. ஆனால் இன்னொன்றும் உண்டு. எச்சத் தூசியையும் இறகுத் துகளையும் நாள்தோறும் சுவாசிப்போரிற் சிலருக்கு ஒவ்வாமையினால் நுரையீரல் அழற்சி உண்டாகும். தொற்றுநோய் அன்று, எனினும் நீடித்தால் நுரையீரல் தழும்பேறி, மூச்சே பாரமாகிவிடும். நோயாளிகளுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தோருக்கும் புறாக்கூட்டம் யன்னலோரத்தில் இருப்பது ஆகாது.

ஆகவே, விடை பறவையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கின்றது. பத்துப் புறா ஒரு நகரத்துக்கு அழகு. பத்தாயிரம் புறா அதற்கு நோவு. அப்படியானால் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது எது?

இதற்குப் பாசல் நகரமே பாடம் சொல்கின்றது. அங்கு 1961 முதல் 1985 வரை பொறி வைத்தும் சுட்டும் ஏறக்குறைய ஒரு இலட்சம் புறாக்களைக் கொன்றார்கள். எண்ணிக்கை நிலையாகக் குறையவில்லை. காரணம் எளிது. இரை மிகுந்த இடத்தில் ஒரு புறா இறந்தால், அந்த இடத்துக்கு இளம் புறா ஒன்று காத்திருக்கின்றது. ஓர் இணை ஒரு தடவைக்கு இரண்டு முட்டை இடும். பதினெட்டு நாளளவில் குஞ்சு பொரிக்கும். தாயும் தந்தையும் தம் தொண்டைப் பையில் ஊறும் பாலை ஊட்டி வளர்க்கும். இரை தாராளமாகக் கிடைத்தால் இது ஆண்டில் பல தடவை நிகழும்.

1988 இல் அந்த நகரம் வழியை மாற்றியது. துண்டுப் பிரசுரங்களாலும் சுவரொட்டிகளாலும், "நீங்கள் இடும் இரையே புறாக்களை நெருக்கடிக்குள் தள்ளுகின்றது" என்பதை மக்களுக்கு விளக்கினார்கள். மேற்பார்வையுள்ள புறாக் கூடுகளை அமைத்து, அங்கிட்ட முட்டைகளை அகற்றினார்கள். ஐம்பது மாதங்களில், கணக்கெடுத்த கூட்டங்களிலிருந்த 1,400 புறாக்கள் 708 ஆகக் குறைந்தன. துப்பாக்கி கால் நூற்றாண்டில் சாதிக்காததை, தானியப் பையை மூடியமை நாலாண்டில் சாதித்தது.

ஏனைய நகரங்களும் இதையே நாடின. இலண்டன் டிரபல்கர் சதுக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்குத் தானியம் விற்பது 2001 இல் நிறுத்தப்பட்டது. 2003 இல் அங்கு இரையிடுவதே தடையாயிற்று. வெனிஸ் நகரின் சென். மார்க் சதுக்கத்தில் தானிய வியாபாரம் 2008 இல் முடிவுற்றது. மும்பாயிலோ விடயம் மனச்சாட்சியைத் தொட்டது. தாதர் பகுதியிலுள்ள 'கபூதர்கானா' என்னும் புறாத் தீனிக்களத்தை 2025 இல் மாநகராட்சி மூடியபோது, உயிரிரக்கத்தைத் தலையாய அறமாகக் கொண்ட சமணர்கள் திரண்டு எதிர்த்தனர். சுவாச நோயுற்றோரின் நியாயம் மறுபுறம் நின்றது. நீதிமன்றமும் இடையில் வர நேர்ந்தது.

அவர்களது இரக்கம் போலியானதன்று. ஆனால் அந்த இரக்கம் என்ன செய்கின்றது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இரையிட்டுப் பெருகிய கூட்டத்தில் நெரிசலும் ஒட்டுண்ணியும் நோயும் மலிகின்றன. குஞ்சுகளுள் பெரும்பகுதி முதலாண்டைக் காண்பதில்லை. கொடுத்தவர் நிறைவோடு வீடு திரும்புகின்றார். விலையைப் புறாக் குஞ்சும் அயல்வீட்டு நோயாளியும் செலுத்துகின்றார்கள்.

சோழ மன்னனின் கதையை இந்த இடத்தில் மீண்டும் நினைக்கலாம். அவன் புறாவுக்கு இரங்கினான்; பருந்தின் பசியையும் பொய்யென்று தள்ளவில்லை. இரண்டையும் துலாக்கோலில் வைத்தான். குறைந்த எடைக்குத் தன் உடலையே ஈடாக்கினான். பிறன் உடலை அன்று. நகரத்துப் புறாவுக்கு நாம் செய்யக்கூடிய உதவி அத்துணைப் பெரிதன்று. கல்லெறிய வேண்டாம்; நஞ்சு வைக்க வேண்டாம்; கையிலுள்ள தானியத்தைச் சதுக்கத்தில் இறைக்கவும் வேண்டாம். இறைக்காதிருப்பதும் ஓர் ஈகையே.