மணி அடிக்காத துப்பு

கல்லூரி போகும் பிள்ளை உள்ள வீடா உங்களுடையது? அப்படியானால் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அவன் கம்ப்யூட்டர் திரைக்குள் கொலையாளியைத் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

2011-ல் வந்த 'எல்.ஏ. நுவார்' என்ற விளையாட்டில், 1947-ஆம் வருஷத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைத் தத்ரூபமாகக் காட்டினார்கள். யார் பொய் சொல்லுகிறார் என்பதை முகத்தைப் பார்த்தே ஊகிக்கவேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் துப்பின் அருகில் போனால் ஓர் ஓசை எழும். அங்குள்ள துப்பெல்லாம் கிடைத்துவிட்டால் பின்னணி இசை நின்றுவிடும்! எந்த இன்ஸ்பெக்டருக்கு இந்த உபகாரம் நடக்கிறது? தேவனின் துப்பறியும் சாம்புவுக்குக்கூட வெறும் அதிர்ஷ்டம்தானே துணை!

எனக்குப் பிடித்தது 2018-ல் வெளியான 'ரிட்டர்ன் ஆப் தி ஓப்ரா டின்'. கப்பலில் இருந்த 60 பேரின் கதியைக் கண்டுபிடிக்கவேண்டும். மூன்று பேருடையதைச் சரியாகச் சொன்னால்தான் ஒப்புக்கொள்ளும், குருட்டாம்போக்கு பலிக்காது. நோயில் போனவர்களும் விபத்தில் போனவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. கொலையாளி இல்லாத சாவு!

அப்படி ஒன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் நிஜமாகவே நடந்தது. 2024 ஜூன் 11-ந் தேதி, புதுநகரில் ஒரு வீட்டுக் கழிவறைக்குள் போன வயதான அம்மாள் மயங்கி விழுந்தார். தூக்கப் போன மகளும் விழுந்தார். இருவரும் இறந்தனர். அந்தப் பகுதியிலேயே 15 வயதுப் பெண் ஒருத்தியும் பலியானாள். ஆயுதம் இல்லை, விரோதி இல்லை. பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியே ஏறி வந்த விஷவாயு. ஹைட்ரஜன் சல்பைடு என்று கருதப்பட்டது.

இந்த வாயுவின் சூதைப் பாருங்கள். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிஞ்சினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். 'அப்பாடா, நாற்றம் போயிற்று' என்று நினைக்கும்போது எமன் வாசலில் நிற்பான். விளையாட்டில் துப்பு நமக்காகக் காத்திருக்கும். விழுந்தவர் பக்கத்தில் குனிந்து பார்ப்பதுதான் முதல் வேலை. இங்கே குனிந்தால் நாமும் எழுந்திருக்கமாட்டோம்.

கழிவறைக் கோப்பைக்கு அடியில் வளைந்த குழாயில் நிற்கிறதே தண்ணீர், அதுதான் சாக்கடை வாயுவுக்குத் தடை. நாள்கணக்கில் புழங்காத கழிவறையில் அது வற்றிவிடும். ஊருக்குப் போய் வந்ததும் வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டால்? தாய் கிடக்கும்போது மகளிடம் 'போகாதே' என்று சொல்வது கொடுமைதான். ஆனாலும் போகக்கூடாது, அம்மா. மற்றவர்களை வெளியேற்றிவிட்டு, தெருவில் நின்று 112-க்குப் போன் செய்யுங்கள். விஷவாயு என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.